ஓரத்தில் நிற்கும் பேராசிரியர்: பால் டெய்லரின் வீட்டுப் படங்கள்

ஜனவரி 9, வாசகர் கேள்வி

தொழிலாளர் ஆய்வு என்றால் கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், குடியிருக்க வீடு உண்டா என்று பார்த்தால் போதாதா? ஆய்வாளர் யாரைக் கட்டிக்கொண்டார், மனைவியோடு காரில் எங்கே போனார், பேரப்பிள்ளைகளோடு எந்தக் கடற்கரையில் உட்கார்ந்தார் என்ற படங்களை எல்லாம் காப்பகத்தில் வைத்துக் கட்டிக் காக்கிறார்கள். கிசுகிசுவுக்கு உதவும். வேறு எதற்கு?

ஜனவரி 9, இரவு

கிசுகிசு என்றே வைத்துக்கொள்வோம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பொதுப்படையாகப் பேசினால் இது முடியாது. ஒரே ஆளைப் பிடித்துக்கொள்கிறேன்: பால் டெய்லர்.

1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் சூ சிட்டியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய், விஷவாயுவில் சிக்கித் திரும்பினார். 1922இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அங்கேயே பொருளாதாரப் பேராசிரியர் வேலை. 1920களின் கடைசியில், மெக்சிகோவிலிருந்து வந்து பண்ணைகளிலும் இரும்பாலைகளிலும் வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதக் கிளம்பினார். கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு, தெற்கு டெக்சஸ், சிகாகோ, பென்சில்வேனியாவின் பெத்லகேம் என்று அலைந்தார். ஆட்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பி வருகிறார்களோ அதையும் பார்த்துவிடுவோம் என்று மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் அராந்தாஸ் வரைக்கும் போனார். கையில் குறிப்பேடு, கூடவே ஒரு கேமரா. அன்றைய பொருளாதாரப் பேராசிரியர்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1935 டிசம்பரில் அவர் மணந்துகொண்டது டாரதியா லாங்கை. ஆமாம், இரண்டு பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தருகே கையை வைத்து எங்கோ பார்க்கும் அந்தத் தாயின் படத்தை எடுத்தவர்தான். இருவருக்குமே அது இரண்டாம் கல்யாணம். இந்த ஆள் வாழ்க்கையில் எது வீட்டுப் படம், எது வேலைப் படம் என்று யாராவது கோடு போட்டுக் காட்டுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஜனவரி 10, காலை

கோடு போட முடியாது என்பதற்கு ஓர் உதாரணம் கேட்டிருக்கிறார்கள்.

1936 ஜூன், மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேல் பக்கம் லாங் எடுத்த படம். ஒரு தோட்ட மேற்பார்வையாளர், கனத்த உடம்புக்கார வெள்ளைக்காரர், கார் முன்பக்கத்துக் கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் கடைத் திண்ணையில், கொஞ்சம் தள்ளி, கறுப்பினத் தொழிலாளர்கள். அமெரிக்கத் தெற்கின் குத்தகைப் பண்ணை முறையைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் படம் வந்து நிற்கும். அதிகாரம் எப்படி உட்காரும், எப்படி நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு முழங்காலில் இருக்கிறது.

முழு நெகட்டிவைப் பார்த்தால் இடது விளிம்பில் இன்னொரு ஆள் இருக்கிறார், உடம்பில் பாதிதான் தெரிகிறது. அவர்தான் டெய்லர். மேற்பார்வையாளர் பேசிக்கொண்டிருப்பது அவரிடம். கணவர் பேச்சுக் கொடுப்பார், அந்த நேரத்தில் மனைவி தன் வேலையைப் பார்ப்பார். அவர்கள் பல இடங்களில் இப்படித்தான் வேலை செய்தார்கள். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, 'இது என் இடம்' என்கிற அந்தத் தோரணை வந்ததே, யாரோ ஒரு படித்த மனுஷன் வந்து மரியாதையாகக் கேள்வி கேட்டதால் வந்தது என்று நான் நினைக்கிறேன். கேமராவுக்காக நின்றிருந்தால் வேறு மாதிரி நின்றிருப்பார்.

அப்புறம் ஒரு கூத்து. 1938இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இதே படத்தை வெட்டிப் போட்டார்கள். டெய்லர் போனார், சரி. திண்ணையில் இருந்த தொழிலாளர்களும் போனார்கள். மேற்பார்வையாளர் மட்டும் மிஞ்சினார், யாருக்கும் அடங்காத சுதந்திர அமெரிக்கக் குடிமகனாக!

ஜனவரி 10, மதியம்

இரண்டு வரி. காரின் கூரை மேல் லாங் பெரிய கேமராவோடு உட்கார்ந்திருக்கும் படம் டெய்லர் எடுத்தது என்று கீழே ஒருவர் அடித்துச் சொல்கிறார். இல்லை. அது 1936இல் ரோண்டல் பார்ட்ரிட்ஜ் எடுத்தது. புகைப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாமின் மகன், அப்போது லாங்குக்கு உதவியாளராக இருந்த இளைஞர். டெய்லர் எடுத்த லாங் படங்கள் தனியாக இருக்கின்றன, 1935 வாக்கில் டெக்சஸ் சமவெளியில் எடுத்தது அதில் ஒன்று.

ஜனவரி 11

"அப்போ காதல் வந்ததால்தான் வயலுக்குப் போனார் என்று சொல்லுங்கள்" என்று கிண்டல். வரிசை தலைகீழாக இருக்கிறது.

லாங்கைச் சந்திப்பதற்கு முன்பே, 1933 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் பருத்தி எடுப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தபோது டெய்லர் அதைப் பதிவு செய்தார். அவரோடு களத்தில் இறங்கியவர் அவருடைய மாணவர் கிளார்க் கெர். பின்னாளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவரானவர் இவர்தான். நூறு பவுண்டு பருத்திக்குப் பண்ணைக்காரர்கள் 60 சென்ட் தருவதாகச் சொன்னார்கள், தொழிலாளர்கள் ஒரு டாலர் கேட்டார்கள், கடைசியில் 75 சென்டில் முடிந்தது. இடையில் பிக்ஸ்லி என்ற ஊரில் துப்பாக்கிச் சூடு, இருவர் செத்தார்கள். அதே நாள் ஆர்வினில் இன்னொருவர். டெய்லரும் கெர்ரும் எழுதிய அறிக்கை 1940இல்தான் செனட் விசாரணைக் குழுவின் ஆவணங்களில் அச்சாகி வந்தது.

லாங்கின் படங்களை அவர் முதலில் பார்த்தது 1934இல், ஓக்லாந்தில் புகைப்படக் கலைஞர் வில்லர்ட் வான் டைக்கின் சின்னக் காட்சியறையில். சான் பிரான்சிஸ்கோ வேலைநிறுத்தம் பற்றித் தான் எழுதியிருந்த கட்டுரைக்கு லாங் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஆளைப் பார்த்தது அதற்குப் பிறகு. ஓரோவில் அருகே வேலையில்லாதவர்கள் கூட்டாக நடத்திய மரம் அறுக்கும் ஆலைக்குச் சில புகைப்படக்காரர்களை அழைத்துப் போனார், அதில் லாங்கும் ஒருவர். அவர் எப்படி வேலை செய்கிறார் என்று அங்கேதான் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அதாவது காதலுக்கு முன்பு வேலையின் மாதிரியைப் பார்த்திருக்கிறார். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தை விட இது தேவலை என்று என் மனைவி சொல்கிறார்.

ஜனவரி 11, இரவு

1935 தொடக்கத்தில் மாநில நிவாரண அலுவலகத்தில் டெய்லருக்குப் பொறுப்பு கிடைக்கிறது. ஒரு புகைப்படக்காரர் வேண்டும் என்கிறார். அப்படி ஒரு பணியிடமே இல்லை, பட்ஜெட்டும் இல்லை. என்ன செய்தார்? லாங்கைத் தட்டச்சர் என்று காட்டி வேலைக்கு எடுத்தார். அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. டைப் அடிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டார்களா, தெரியவில்லை!

பட்டாணி பறிக்கும் கூலிகள் கால்வாய் ஓரத்தில் கித்தான் கட்டிக் கிடந்ததை இவர் எழுத, அவர் படம் எடுக்க, அறிக்கை மேலே போனது. இரண்டு முகாம்கள் கட்ட 20,000 டாலர் வந்தது. மேரிஸ்வில்லிலும் ஆர்வினிலும் கட்டினார்கள். புலம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசுப் பணத்தில் வந்த முதல் குடியிருப்புகள் அவைதான். குடிக்கத் தண்ணீர், குளிக்க இடம், கழிப்பறை. கேட்டது அவ்வளவுதான்.

ஜனவரி 13

என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர முடியவில்லை.

தூத்துக்குடி உப்பளங்களில் ஒரு கணக்கெடுப்பு வேலைக்குப் போயிருந்தேன். அமைப்பின் பெயர் வேண்டாம். கூலி, வேலை நாள், மழைக்காலத்தில் என்ன வருமானம், கண்ணில் என்ன கோளாறு என்று நீளமான படிவம். காலை வெயில் ஏறுவதற்குள்ளேயே பாத்தியெல்லாம் கண்ணைக் கூச வைக்கும். பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டு, காலுக்குப் பழைய சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். சாக்ஸில் குதிகால் பக்கம் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக வெடிப்பு தெரிந்தது. உப்புத் தண்ணீர் அதில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று படிவத்தில் கேள்வி கிடையாது.

கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். யாரு, எங்கேருந்து, யாரைக் கேட்டு என்று ஆரம்பித்தார். என்னோடு வந்தவர் இதில் கில்லாடி. ஐந்து நிமிடத்தில் கணக்கப்பிள்ளையின் மகளுக்கு எந்தக் காலேஜில் சீட் வாங்கலாம் என்று பேச்சு போய்விட்டது. இருவரும் உப்பு அம்பாரத்தின் நிழலுக்கு நகர்ந்தார்கள். நான் அந்தப் பக்கம் பெண்களிடம் படிவத்தை முடித்தேன். அவர்கள் சொன்ன கூலியும், கணக்கப்பிள்ளை முன்னால் சொல்லியிருக்கக்கூடிய கூலியும் ஒன்றாக இருந்திருக்காது.

அன்றைக்கு என் போனில் எடுத்த ஒரு படத்தில் தூரத்தில் இவர்கள் இரண்டு பேரும் தலையாட்டிப் பேசிக்கொண்டிருப்பது விழுந்திருக்கிறது. அறிக்கையில் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு, உப்பு வாரும் பெண்களை மட்டும் போட்டார்கள். அட்டைக்கு அது அழகாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி வெட்டுப்பட்ட பக்கம்தான். கிளார்க்ஸ்டேல் படத்தை முழுசாகப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அம்பாரத்தின் நிழல்.

அதனால்தான் கேள்வி கேட்டவரிடம் சொல்கிறேன்: ஆய்வாளர் இருக்கும் படம் அவரைப் பற்றிய தகவல் மட்டும் இல்லை. யாரிடம் நின்று பேசினார், யார் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை சொல்லப்பட்டது என்பதும் அதில் இருக்கிறது. அட்டவணையில் அது வராது.

ஜனவரி 13, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. அதே உப்பளத்தில் ஓர் அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "எத்தன பேரு வந்து படம் எடுத்துட்டுப் போயிருக்காவ தெரியுமா? ஒருத்தராச்சும் திரும்பி வந்து காட்டிருக்காவளா?" நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 14

அந்த அம்மா கேட்டதை அப்படியே லாங்கிடம் கேட்டிருக்க வேண்டியவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், முதல் நாள் நான் சொன்ன அந்தத் தாய் படத்தில் இருப்பவர். 1936 மார்ச், கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்பவர்களின் கூடாரம். வேலை முடிந்து வீட்டுக்குத் தனியாகக் காரோட்டி வந்துகொண்டிருந்த லாங், வழிகாட்டிப் பலகையைத் தாண்டி இருபது மைல் போன பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தார். சில படங்கள் எடுத்தார், கிளம்பினார். பெயர் கேட்கவில்லை. இதை லாங்கே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண் யார் என்று ஊருக்குத் தெரிந்தது 1978இல். பூர்வகுடி செரோக்கி இனத்தவர், படம் எடுத்தபோது வயது 32. தன் படம் உலகமெல்லாம் சுற்றியும் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னார். காரின் டயரை விற்றுச் சாப்பாடு வாங்கினார்கள் என்று லாங் எழுதியதையும் அவர் குடும்பத்தார் மறுத்தார்கள்.

கவனியுங்கள், அன்றைக்கு டெய்லர் அவரோடு இல்லை. இருந்திருந்தால் பெயர், சொந்த ஊர், கடைசியாக எங்கே வேலை, என்ன கூலி என்று நாலு வரி குறிப்பேட்டில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனங்கள் சொல்வதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வைப்பது அவர் பழக்கம். லாங்கும் அவரிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டு, காருக்குத் திரும்பியதும் மறப்பதற்குள் எழுதிவைக்கத் தொடங்கினார். 1939இல் இருவரும் சேர்ந்து போட்ட நூலின் அட்டை உள்பக்கங்களில் அப்படிச் சேர்த்த வாசகங்களைத்தான் நிரப்பியிருக்கிறார்கள். ஆசிரியர் படம் போட வேண்டிய இடம்!

ஜனவரி 15

நேற்று எழுதியதில் டெய்லருக்கு ஒளிவட்டம் போட்டுவிட்டேனோ என்று இருக்கிறது. பெயர் எழுதிக்கொள்வதால் மட்டும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. என் படிவத்திலும் பெயர் இருந்தது.

இன்னொன்று. இந்தக் கல்யாணத்தில் பிள்ளைகள் ஐந்து பேர். ஓவியர் மேனார்ட் டிக்சனோடு லாங்குக்குப் பிறந்த மகன்கள் இருவர், முதல் மனைவியோடு டெய்லருக்குப் பிறந்த மூவர். 1935இல் இவர்கள் களத்துக்குப் போகும்போது பிள்ளைகளை மற்றவர்கள் வீட்டில் பணம் கொடுத்து விட்டுவிட்டுத்தான் போனார்கள். லாங்கின் மகன்களுக்கு இது புதிதும் இல்லை, அதற்கு முன்பே டிக்சனோடு இருந்த காலத்திலும் அப்படி விடப்பட்டவர்கள். குடும்பத்தோடு ரோட்டில் அலையும் ஜனங்களுக்காக வாதாடிய இருவர் தங்கள் குடும்பத்தை நாலு இடத்தில் பிரித்து வைத்திருந்தார்கள்.

பொதுவாக இதை லாங் தலையில் மட்டும் கட்டுவார்கள். தாய் அல்லவா! டெய்லரின் பிள்ளைகளுக்கும் அதே கதிதான், அப்பாவை யாரும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். சங்கத் தலைவர் வீட்டுக்கே வராதது தியாகம், அவர் மனைவி ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தால் பிள்ளைகள் பாவம்.

ஜனவரி 15, மாலை

ஒருவர் கேட்கிறார்: பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது தெரிந்த பிறகும் அந்தப் படங்களை அதே மரியாதையோடு பார்க்க முடிகிறதா?

முடிகிறது. ஆனால் வேறு மாதிரி பார்க்கிறேன். கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தைகள் அந்தப் படங்களில் ஏகப்பட்டது. எடுத்தவரின் பிள்ளைகள் அந்த நேரம் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்தக் குழந்தைகள் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் கண் நிற்கிறது. கேள்வி கேட்டவர் இதையும் கிசுகிசு என்பார். சரி.

லாங்கின் பெரிய மகன் பின்னாளில் எழுத்தாளராகி, 1954இல் அம்மாவோடு அயர்லாந்துக்குப் போனார். அம்மா படம் எடுக்க, மகன் கூட இருந்தார். எல்லாம் கசப்பாகவே முடியவில்லை.

ஜனவரி 17

டை விஷயம். களத்தில் டெய்லர் இருக்கும் படங்களைப் பார்த்தால் வெயிலும் புழுதியும் அடிக்கும், இவர் கோட்டும் டையுமாக நிற்பார். ஒரு வாசகர் "தொழிலாளரோடு தொழிலாளராகக் கலக்கத் தெரியாத மேட்டிமை" என்கிறார்.

நான் அப்படி நினைக்கவில்லை. கலந்துவிட்டதாக நடிப்பதை விட இது நேர்மை. வேட்டி கட்டிக்கொண்டு, தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்து இறங்கும் ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன், ஜனங்கள் நமட்டுச் சிரிப்போடு பார்ப்பார்கள். பேராசிரியர் பேராசிரியராக வந்தால் அவரிடம் எதைச் சொல்லலாம், எதைக் கேட்கலாம் என்று எதிரே இருப்பவருக்கும் தெளிவாக இருக்கும். அதோடு கிளார்க்ஸ்டேல் ஆளிடம் கோட்டு இல்லாமல் போயிருந்தால் பேச்சே நடந்திருக்காது.

லாங்குக்கு வேறு துருப்பு இருந்தது. ஏழு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியிருந்தது, விந்தி விந்தித்தான் நடப்பார். அப்படி ஒரு பெண் கேமராவைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்ததும் ஜனங்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓரிடத்தில் போய்த் தண்ணீர் கேட்டு வாங்கி, அதைக் குடிக்க நிறைய நேரம் எடுத்துக்கொள்வாராம்.

ஜனவரி 18

நெகட்டிவில் ஓட்டை இருக்கிறதே, என்ன அது என்று கேட்டவருக்கு: அது பூச்சி அரித்தது இல்லை. லாங் படம் எடுத்துக் கொடுத்த அரசு அமைப்பான விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கர், தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் துளை போடும் கருவியால் குத்திவிடுவார். 35 மி.மீ. சுருள்களில்தான் இது அதிகம். மொத்தத் தொகுப்பில் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் அளவுக்கு இருக்கிறது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரைக்கருக்கும் லாங்குக்கும் சதா இழுபறி. அந்தத் தாய் படத்தின் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரியும். கண்ணை உறுத்துகிறது என்று லாங் அதை மறைக்கச் செய்தார், ஸ்ட்ரைக்கர் ரொம்பவும் கோபப்பட்டார். நெகட்டிவைக் குத்திக் கிழித்த மனிதருக்கு ஒரு கட்டைவிரல் போனது பொறுக்கவில்லை!

ஜனவரி 20

வீட்டுப் படம் அரசியல் படமாக மாறுவதற்கு 1942ஐப் பாருங்கள், இரண்டாம் உலகப் போர்க்காலம். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை, மூட்டை முடிச்சோடு முகாம்களுக்கு ஏற்றினார்கள். அதைப் படம் எடுக்கும் அரசு வேலை லாங்குக்கு வந்தது. அதே வீட்டில் டெய்லர் அந்த வெளியேற்றத்தை எதிர்த்துக் கமிட்டியில் இருந்தார், பத்திரிகையில் எழுதினார். மனைவிக்குச் சம்பளம் தருவதும் அரசு, கணவர் எதிர்ப்பதும் அதே அரசு.

லாங் எடுத்தது கிட்டத்தட்ட 800 படங்கள். ராணுவம் போர் முடியும் வரை பெரும்பாலானவற்றை முடக்கி வைத்தது. சட்டையில் குடும்ப எண் அட்டை தொங்க, பெட்டிகள் மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தால் ஏன் முடக்கினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் இவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்குத்தான் படம் இல்லை.

ஜனவரி 22

பின்னாள் கதையைச் சுருக்கமாக. டெய்லர் 1902ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அரசு செலவில் வரும் தண்ணீர் ஒரு ஆளின் 160 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி. கலிபோர்னியாவின் பெரும்பண்ணைகள் அதை மதிக்கவே இல்லை. இவர் வயதான காலம் முழுக்க எழுதினார், சாட்சி சொன்னார், தோற்றுக்கொண்டே இருந்தார். இதற்கு அழகான படம் எதுவும் கிடையாது, அதனாலேயே யாருக்கும் தெரியாது.

நிலச் சீர்திருத்த ஆலோசகராக ஆசியாவுக்கும் போனார். 1958இல் லாங்கும் கூடப் போனார், உடம்பு முடியாமலேயே. கொரியா, வியட்நாம், இந்தோனேசியா என்று நீண்ட பயணம். ஜாவாவில் ஒரு நடனக்காரியின் வெறுங்காலை எடுத்திருக்கிறார், அருமையான படம். கணவரின் வேலைக்கு ஒட்டிக்கொண்டு போன பயணம் என்பதால் அந்தப் படங்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1935இல் தட்டச்சர், 1958இல் சம்சாரம்.

ஜனவரி 22, இரவு

கடற்கரைப் படங்களைப் பற்றித்தான் முதல் கேள்வியே வந்தது, அதற்குப் பதில் சொல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஸ்டீப் ரவீன் என்ற இடத்தில், கடலோரப் பாறை மேல் ஒரு மரக்குடில். 1950களில் இருந்து குடும்பம் அங்கே போய் வரும். பேரப்பிள்ளைகள் அலையில் ஓடுவது, குளிரில் ஒட்டி உட்கார்ந்திருப்பது என்று லாங் நிறைய எடுத்தார். முன்பு விட்டுவிட்டுப் போன பிள்ளைகளின் பிள்ளைகள். அதற்காகத்தான் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை, பாட்டிகள் பேரப்பிள்ளைகளைப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குடும்பத்துப் படங்களிலும் இனிப்பு மட்டும் கிடையாது. 1964இல் எடுத்த ஒன்றில் ஒரு பெண் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டிருக்கிறார். விரல்கள் நெற்றியில் அழுந்துகின்றன, மோதிரம் தெரிகிறது, முகமே தெரியவில்லை. வார இறுதியில் ஏதோ பெரிய பிரச்சினை என்ற பொருளில் தலைப்பு வைத்திருக்கிறார். என்ன பிரச்சினை என்று சொல்லவில்லை. நிப்போமோவில் பார்த்த அதே கண் வீட்டுக்குள் பார்க்கிறது, அதே அளவு பேசாமல்.

லாங் 1965 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி சில மாதங்களில் திறக்க இருந்தது. டெய்லர் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் இருந்தார். லாங் வீட்டில் வைத்திருந்த நெகட்டிவ்கள், பிரதிகள் எல்லாவற்றையும் ஓக்லாந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கே லாங் படங்களின் கீழே அவர் பெயர் கொடையாளர் என்று வரும். டெய்லரின் சொந்தக் களக் குறிப்புகளையும் மெக்சிகோத் தொழிலாளர் படங்களையும் பார்க்க வேண்டுமானால் பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகம்.

ஜனவரி 25

கேள்வி கேட்டவர் இப்போது சுருதி மாறி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா பஞ்சாலைச் சங்கத்தில் இருந்தவராம், பீரோவில் ஓர் ஆல்பம் கிடக்கிறதாம், பாதிக் கல்யாணப் படம், பாதி வாயிற்கூட்டப் படம், பிரித்து வைக்கலாமா என்கிறார்.

பிரிக்காதீர்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதும் தகவல்தான். ஒட்டும் தாள் ஆல்பமாக இருந்தால் உரிக்கவே வேண்டாம், கிழிந்துவிடும். பிளாஸ்டிக் உறை சுலபமாக வந்தால் மட்டும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தை அப்படியே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் படங்களின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சில், அதுவும் அழுத்தாமல். அப்பா பெயரை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். வாயிற்கூட்டத்தில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள், அவர்களிடம் இந்த மாதமே ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பிரதி அவர்களுக்கும் போட்டுக் கொடுங்கள்.